விசாரணையும் கட்சிக் கண்ணும்

அரசியலிற் செல்வாக்குள்ள ஒருவர்மீது குற்றவிசாரணை தொடங்கப்படும்போது நமது நாட்டில் முதன்முதலாகக் கேட்கப்படுவது, "குற்றம் நிகழ்ந்ததா? அதனைச் செய்தவர் யார்?" என்னும் வினா அன்று. "இவர் யாருடைய ஆள்?" என்பதே கேட்கப்படுகிறது. அதற்கு விடை கிடைத்ததும் ஏனைய வினாக்கள் யாவும் தேவையற்றனவாய்ப் போய்விடுகின்றன. தம்முடைய ஆள் எனின் விசாரணை பழிவாங்கல். மாற்றாருடைய ஆள் எனின் கைதே தீர்ப்பு. தலையங்கங்களும் பாராளுமன்ற உரைகளும் மேடைப் பேச்சுக்களும் பல ஆண்டுகளாக இந்தச் சூத்திரத்தையே மாற்றி மாற்றி ஒப்புவித்து வருகின்றன. இலக்கியப் படைப்பொன்றின் நடையையும் பொருளையும் ஆராய்ந்து தரங் கூறுவது விமர்சகனின் கடமையாயின், பொதுவாழ்வில் வழங்கும் வாதங்களை ஆராய்ந்து தரங் கூறுதலும் அவனுக்குப் புறம்பான வேலை ஆகாது. முன்னாள் ஜனாதிபதி ஆலோசகர் ஒருவர்மீதான விசாரணையையொட்டி எழுந்த வாதங்களைத் திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தின் அநுபவத்தோடு ஒப்புநோக்கி மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிள்ளையான் என வழங்கப்படும் சிவநேசதுரை சந்திரகாந்தனின் வரலாறு வாசகர் அறியாததன்று. சிறுவயதிலே விடுதலைப் புலிகள் இயக்கத்திற் சேர்ந்தவர்; 2004இற் கருணா பிரிந்தபோது அவருடன் வெளியேறியவர்; அரசாங்கப் படைகளின் பக்கம் நின்ற ஆயுதக் குழுவின் தலைவர்களுள் ஒருவராய் வளர்ந்தவர். 2008 மே மாதத்தில், திருகோணமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்கு மாகாணசபையின் முதலாவது முதலமைச்சரானார். 2012ஆம் ஆண்டுத் தேர்தலின்பின் அப்பதவி வேறொருவருக்குப் போகவே, ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவின் ஆலோசகர்களுள் ஒருவராக்கப்பட்டார்.

2015இல் ஆட்சி மாறிற்று. அவ்வாண்டு ஒக்ரோபரில், பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் கொலை தொடர்பாக அவர் கைதுசெய்யப்பட்டார். 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது மட்டக்களப்பு மரியாள் பேராலயத்தினுள்ளே நிகழ்ந்த கொலை அது. ஐந்தாண்டுகள் விளக்கமறியலில் இருந்தார். 2019இல் ஆட்சி மீண்டும் மாறிற்று. 2020 ஓகஸ்டில், சிறையிலிருந்தவாறே 54,198 விருப்பு வாக்குகள் பெற்றுப் பாராளுமன்றம் சென்றார். வழக்கின் முக்கிய சாட்சியங்கள் ஏற்கத்தக்கன அல்ல என மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்ததையடுத்து, வழக்கைத் தொடரப்போவதில்லையெனச் சட்டமா அதிபர் அறிவித்தார். 2021 ஜனவரி 13ஆம் திகதி மட்டக்களப்பு மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பின்னர் இராஜாங்க அமைச்சரும் ஆனார். 2024இல் ஆட்சி மூன்றாந்தடவையாக மாறிற்று. அத்தேர்தலில் அவரும் தோல்வியுற்றார். 2025 ஏப்ரல் 8ஆம் திகதி, கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் எஸ். ரவீந்திரநாத் 2006 டிசம்பரிற் கொழும்பிலே காணாமற்போனது தொடர்பாக, குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் அவரை மட்டக்களப்பிற் கைதுசெய்து பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்த் தடுத்துவைத்தனர்.

சிறைக்கதவு திறந்ததும் மூடியதும் ஆட்சி மாற்றங்களோடு ஒத்துச் செல்வதை எவரும் காணலாம். ஆயினும் இந்த ஒற்றுமையிலிருந்து அவர் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ நாம் முடிவுகட்ட இயலாது. பரராஜசிங்கம் வழக்கில் அவர் சட்டப்படி விடுவிக்கப்பட்டவர். துணைவேந்தர் விடயத்தில் குற்றச்சாட்டை நிறுவவேண்டிய இடம் நீதிமன்றம். கட்சிவாதிகள் இவ்விரு நிலைகளையும் எவ்வாறு கையாண்டனர் என்பதே நமது ஆராய்ச்சிக்குரியது.

முதலாவது வாதம் தென்னிலங்கைத் தேசியவாதிகளுடையது. அவர்களுள் முன்னணியில் நின்ற உதய கம்மன்பில, சட்டத்தரணி என்ற முறையிற் பிள்ளையானைத் தடுப்புக்காவலிற் சந்தித்து வந்து, புலிகளைத் தோற்கடிக்க உதவிய தேசப்பற்றாளர் இவர் என நாட்டுக்கு அறிவித்தார். போரில் ஒருவர் எப்பக்கம் நின்றார் என்பது அவருடைய அரசியல் வரலாறு. கல்விமான் ஒருவர், அறிவியல் மாநாடொன்றுக்குச் சென்ற இடத்தில், அடிக்கு அடி காவலரண்கள் இருந்த தலைநகரின் உயர்பாதுகாப்புப் பகுதியிலிருந்து எவ்வாறு மறைந்தார் என்பது ஒரு நிகழ்ச்சி பற்றிய வினா. முன்னையது பின்னையதற்கு விடையாகாது. தேசப்பற்றாளர் எனும் பட்டம் இங்கே சான்றாக வரவில்லை. சான்று கேட்பவனின் வாயை மூடவே வந்தது.

இத்தரப்பார் சொல்வனவற்றுள் எண்ணிப்பார்க்க வேண்டியவையும் இரண்டு உள. கைது நிகழ்ந்தது 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னதாக. புலனாய்வுத் துறையில் மீண்டும் உயர்பதவி பெற்ற ஷானி அபேசேகரவும், பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சின் செயலாளராக்கப்பட்ட ரவி செனெவிரத்னவும், 2024 தேர்தலுக்கு முன்னர் ஆளுங் கட்சியின் ஆதரவு அணியில் இயங்கியவர்கள். புலனாய்வாளரைச் சந்தேகிக்க இவை இடந் தருகின்றன என்பதை மறுப்பது நேர்மையன்று. அதே வேளையில், ஷானி அபேசேகர 2019 நவம்பரில் ஆட்சி மாறியவுடன் பதவியிறக்கம் போன்றதோர் இடமாற்றத்துக்கும், 2020இற் கைதுக்கும் உள்ளானதையும் மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையன்று. புலனாய்வாளரே கட்சிக்காரராய் மாறும்படி நெருக்கியது யார் என்ற வினா அங்கே எழுகிறது. எவ்வாறாயினும் புலனாய்வாளர்மீது எழும் ஐயத்துக்கு மருந்து, அவர் திரட்டிய சான்றைத் திறந்த நீதிமன்றத்திற் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்துவதே. விசாரணையை நிறுத்துக என்பது மருந்தாகாது.

இரண்டாவது வாதம் ஆளுந் தரப்பினருடையது. 2023 செப்டெம்பரிற் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி, பிள்ளையானின் முன்னாட் பேச்சாளரான அசாத் மௌலானாவின் கூற்றுக்களை ஆதாரமாகக் கொண்டு, 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களோடு அவரைத் தொடர்புபடுத்தி ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பிற்று. பிள்ளையான் அதனை மறுத்தார். துணைவேந்தர் தொடர்பாகக் கைதானவரைப் பற்றி ஆளுந் தரப்பினர் இவ்விரண்டாவது விடயத்தையும் சேர்த்தே பேசலாயினர். வழக்கு மன்றுக்கு வருமுன் மேடைக்கு வந்துவிட்டது. ஆட்சியாளன் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டால், பின்னர் நீதிபதி சொல்வது எதுவாயினும் அது நீதியாக மக்களுக்குத் தோன்றுவதில்லை. தண்டித்தால் அரசுக்குப் பணிந்தார் என்பர். விடுவித்தால் விலைபோனார் என்பர். இக்கேட்டினை ஆளுங் கட்சி தன் கையாலேயே தேடிக்கொள்கிறது.

மூன்றாவது வாதம் தமிழரிடையே வழங்குவது: "துரோகி, அவனுக்கு இது வேண்டும்." நான்காவது, அவருடைய ஆதரவாளர் கூறுவது: "ஐம்பத்து நாலாயிரம் பேர் வாக்களித்தனர்; மக்களே அவரை விடுவித்துவிட்டனர்." இவ்விரண்டும் ஒன்றையொன்று பகைப்பனபோற் காணப்பட்டாலும் ஒரே வேரினின்று கிளைத்தவை. ஒன்று சான்றின்றித் தண்டிக்கிறது. மற்றது சான்றின்றி மன்னிக்கிறது. வாக்கு, ஆளும் உரிமையைத் தரும். ஒரு தேவாலயத்தினுள்ளே யார் சுட்டார் என்பதை அது சொல்லாது. துரோகம் என்ற சொல்லும் அதனைச் சொல்லாது.

இந்த நான்கு வாதங்களையும் திருகோணமலையில் வைத்து நிறுத்துப் பார்த்தல் வேண்டும். ஏனெனில் குற்றவிசாரணை கட்சிச் சரக்காகும்போது சாதாரண மக்களுக்கு நேர்வது யாது என்பதற்கு இப்பிரதேசத்தைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையிற் காந்தி சிலைக்கு அருகே ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுசென்ற குண்டு வெடித்தே மாண்டனர் என்று அதிகாரிகள் முதலிற் கூறினர். பிரேதங்களிலே துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தமையைப் படம்பிடித்துக் காட்டியவர் பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அம்மாதம் 24ஆம் திகதி அவரும் அதே நகரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பொலிஸ் விசேட அதிரடிப்படையினரும் பொலிஸ் அதிகாரியுமாகிய பதின்மூவரையும், போதிய சான்று இல்லையென, 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. சாட்சிகள் உயிரச்சத்தால் நாட்டைவிட்டு ஓடிய பின்னர் சான்று எங்கிருந்து வரும்? அதே 2006 ஓகஸ்டில், துறைமுகக் குடாவின் மறுகரையிலுள்ள மூதூரில், பட்டினிக்கு எதிரான பிரெஞ்சு உதவி நிறுவனத்தின் பணியாளர் பதினேழு பேர் கொல்லப்பட்டனர். ஒருவரேனும் அதற்காகத் தண்டிக்கப்படவில்லை.

மூன்றாவது வழக்கு துறைமுகத்துக்குள்ளேயே நம்மை அழைத்துச் செல்கிறது. 2008, 2009ஆம் ஆண்டுகளிற் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழரும் முஸ்லிம்களும் அடங்கிய பதினொருவர் கடத்தப்பட்டனர். அவர்களிற் பலர் இளைஞர். கப்பம் பெறும் பொருட்டுக் கடத்தப்பட்ட அவர்கள் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் நிலக்கீழ் அறைகளில் அடைக்கப்பட்டிருந்தனர் எனப் புலனாய்வாளர் நீதிமன்றத்துக்கு அறிவித்தனர். 2015 நவம்பரிற் காணாமற்போனோர் பற்றிய ஐக்கிய நாடுகள் செயற்குழு அவ்வறைகளை நேரிற் கண்டு உலகுக்கு வெளிப்படுத்திற்று. 1957இல் ஆங்கிலேயர் அத்தளத்தை ஒப்படைத்துச் சென்றபோது அந்நியன் நீங்கினான் என்று நாடு மகிழ்ந்தது. ஐம்பது ஆண்டுகளின் பின் அச்சுவர்களுக்குள் நாட்டின் பிள்ளைகளே அடைக்கப்பட்டனர்.

முதலமைச்சர் அலுவலகமும் அந்த அறைகளும் ஒரே நகரில், ஒரே காலத்தில் இருந்தன என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்புண்டென்று இங்கே கூறப்படவில்லை. காணி அதிகாரமோ பொலிஸ் அதிகாரமோ அற்ற ஒரு சபையின் தலைவர், தமது தலைநகரின் சுவர்களுக்குப் பின்னால் நடப்பதைக் கேட்கும் வலிமையும் அற்றவர் என்பதே இங்கு குறிப்பிடத்தக்கது. அத்தகைய ஒருவருக்குப் பின்னர் அளிக்கப்பட்ட ஆலோசகர் என்னும் பட்டத்தின் உட்பொருளையும் இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். ஆலோசனை வேண்டி அளிக்கப்பட்ட பட்டம் அன்று அது. ஆதரவுக்குக் கூலியாகவும் ஆபத்துக்குக் குடையாகவும் அளிக்கப்பட்டது. ஆளும் வர்க்கம் கிழக்கின் ஏழைக் குடியிற் பிறந்த சிறுவர்களை இவ்வாறே கருவிகளாய் எடுத்தாளுகிறது. வேண்டாத வேளையில் எறிந்தும் விடுகிறது.

கடற்படை வழக்கின் போக்கு, பழிவாங்கல் என்ற சொல்லின் சரித்திரமாகவே அமைந்துவிட்டது. 2009இல் விசாரணைக்கு வித்திட்டது, கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட தமது முன்னாட் பாதுகாப்பு அதிகாரிமீது தாமே செய்த முறைப்பாடு. விசாரணை வளர்ந்து பின்னர் அவரையே எதிரிகளுள் ஒருவராகப் பெயர் குறிப்பிட்டது. படையினரைப் பழிவாங்குகின்றனர் எனும் கூச்சல் எழுந்தது. நல்லாட்சி என்று சொல்லி வாக்குப் பெற்ற ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும், 2016 ஒக்ரோபரில், தமது அரசாங்கத்தின் புலனாய்வு நிறுவனங்களையே பகிரங்கமாகக் கடிந்துகொண்டார். 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அரசியற் பழிவாங்கல் பற்றி ஆராய ஆணைக்குழு அமைத்தார்; ஓய்வுபெற்ற நீதியரசர் உபாலி அபேரத்ன தலைமையிலான அவ்வாணைக்குழு கடற்படை வழக்கை நிறுத்துமாறு பணித்தது. தமக்கு அவ்வாறு கட்டளையிட அதற்கு அதிகாரம் இல்லையெனச் சட்டமா அதிபர் தப்புல டி லிவேரா மறுத்துவிட்டார். 2021 ஒக்ரோபரில், அவருக்குப் பின்வந்தவரின் காலத்தில், கரன்னாகொடமீதான குற்றச்சாட்டுக்கள் தொடரப்படமாட்டா எனச் சட்டமா அதிபர் திணைக்களம் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் வடமேல் மாகாண ஆளுநராக நியமிக்கப்பட்டார்.

இதில் எவர் குற்றவாளி என்பது எமது வாதமன்று. பதினொரு வீடுகளிலும் காத்திருந்த தாய்மார் இந்த ஆண்டுகளில் என்ன கற்றுக்கொண்டனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம் பிள்ளை எங்கே என்ற வினாவுக்கு விடை, நாடாளுபவர் யார் என்பதிலே தங்கியிருக்கிறது என்று அவர்கள் கற்றுக்கொண்டனர். ஒரு தேர்தலில் உண்மையாயிருந்தது அடுத்த தேர்தலிற் பழிவாங்கலாகிறது. கட்சிக் கண் இழைக்கும் கொடுமைகளுள் இதுவே பெரிது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் கட்சியுண்டு, சட்டத்தரணிகள் உண்டு, பத்திரிகைகள் உண்டு. இறந்தவருக்கும் மறைந்தவருக்கும் கட்சியில்லை.

இடதுசாரி எண்ணமுடையோர் சிலர் இங்கு ஒரு தடை எழுப்பக்கூடும். "இவை ஆளும் வர்க்கத்தாருக்குள் நடக்கும் சச்சரவுகள். நேற்றைய கருவியை இன்றைய ஆட்சி உடைக்கிறது. இதில் உழைக்கும் மக்களுக்கு என்ன?" என்பர். இவ்வினா புதிதன்று. 1894இற் பிரான்சில், தளபதிகள் மறைவாய்க் கையளித்த ஆவணங்களைக் கொண்டு, எதிர்த்தரப்புக்கு அவற்றைக் காட்டாமலே, திரேஃபுஸ் என்னும் படைஅதிகாரியை இராணுவ நீதிமன்றம் தேசத்துரோகியெனத் தண்டித்தது. படையின் மானமே நாட்டின் மானம் என்றனர் தேசியவாதிகள். முதலாளித்துவப் படையின் அதிகாரி ஒருவனுக்காகத் தொழிலாளர் ஏன் வாதாட வேண்டும் எனச் சோஷலிஸ்டுகளுள்ளும் சிலர் கேட்டனர். 1898இல் எழுத்தாளர் எமில் ஸோலா பகிரங்கக் கடிதம் எழுதினார். அதே ஆண்டிற் சோஷலிஸ்டுத் தலைவர் ழான் ழோரே சான்றுகளை ஒவ்வொன்றாய் எடுத்து ஆராய்ந்து கட்டுரைகள் வரைந்தார். அநீதிக்கு ஆளானவன் எவ்வர்க்கத்தவனாயினும் அவனுக்கு இழைக்கப்பட்டது மனிதகுலத்துக்கு இழைக்கப்பட்டதே என்பது ழோரேயின் நிலை. 1906இல் திரேஃபுஸ் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. அங்கே நிரபராதியைத் தண்டிக்கப் படையின் பெயர் பயன்பட்டது; இங்கே விசாரணையைத் தடுக்கப் பயன்படுகிறது. சான்றை ஒதுக்கிவிட்டுச் சார்பைப் பேசுவது இரண்டிடத்தும் ஒன்றே.

நமது மரபும் இதனை அறியாததன்று. பெரியபுராணத்தில் மனுநீதிச் சோழன் கதையைப் படிப்போர், கன்றிழந்த பசுவையும் தேர்க்காலில் இடப்பட்ட மகனையும் நினைவிற் கொள்வர். அரசனுக்கும் அமைச்சருக்கும் நடந்த வாதத்தை மறந்துவிடுவர். வேதியர் விதித்த பரிகாரத்தைச் செய்தாற் போதும் என்கின்றனர் ஆலோசகர். பிறனொருவன் ஓருயிரைக் கொன்றால் அவனைக் கொல்வேன், என் மகன் கொன்றால் பரிகாரஞ் செய்வேனோ என்ற கருத்துப்படக் கேட்கிறான் அரசன். சேக்கிழார் கண்ட நீதியின் உயிர்நிலை அந்தக் கேள்வியில் இருக்கிறது. முடியாட்சிக் காலத்துக் கதை அது. உயிருக்கு உயிர் என்ற தண்டனையை இன்று நாம் ஏற்கப்போவதில்லை. ஆயினும் தன்மகனுக்கும் பிறன்மகனுக்கும் ஒரே அளவுகோல் என்ற கொள்கை பழைமையாகிவிடவில்லை. இன்றைய கட்சிகள் யாவும் அரசனை விட்டு அமைச்சரின் பக்கம் நிற்கின்றன.

அளவுகோல் ஒன்றே எனின், அது நமக்கும் பொருந்தும். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிக ஏற்பாடாய் வந்து நிரந்தரமாய் நிலைத்துவிட்ட சட்டம். பொலிஸ் அதிகாரியிடம் அளிக்கும் வாக்குமூலத்தையே சான்றாக்கும் அச்சட்டத்தால் அழிந்த தமிழிளைஞர் பலர். அதனை நீக்குக என்று ஊர்தோறும் கையெழுத்துத் திரட்டியோர், அதே சட்டத்தின்கீழ்ப் பிள்ளையான் தடுத்துவைக்கப்பட்டபோது வாளாவிருந்தனர்; சிலர் மகிழ்ந்தனர். நம் பிள்ளைக்கு ஆகாத சட்டம் நம் பகைவனுக்கு ஆகும் எனின், நாம் எதிர்த்தது சட்டத்தையா, அது பாய்ந்த திசையையா? மேலும், தடுப்புக்காவலையும் வாக்குமூலத்தையும் நம்பி எழுப்பிய வழக்கு மேன்முறையீட்டிற் சரியுமாயின் இழப்பு கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கே. நிரபராதியைக் காக்கும் அதே ஒழுங்குதான் குற்றவாளியைத் தப்பவிடாமற் பிடிக்கவும் வல்லது.

இன்னொன்றும் உண்டு. 1997 ஜூலை 5ஆம் திகதி, திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி விழாவுக்குச் சென்றிருந்த பாராளுமன்ற உறுப்பினர் அருணாசலம் தங்கத்துரை கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளே அதனைச் செய்தனர் எனப் பரவலாய்ப் பேசப்பட்டது. தமிழ் மேடைகளில் அக்கொலைக்கு நீதி கேட்ட குரல்கள் எத்தனை? பரராஜசிங்கத்துக்கு நீதி கேட்பது நியாயம். தங்கத்துரையை மறந்துவிட்டுக் கேட்பது கட்சிவாதம். இருவரும் தமிழ் மக்களின் வாக்கைப் பெற்றவர்கள். இருவரும் மக்கள் கூடிய இடத்திற் கொல்லப்பட்டவர்கள். கொன்றவர் யார் என்பதைப் பொறுத்து இரங்கலின் அளவு கூடிக் குறையுமாயின், தென்னிலங்கைத் தேசியவாதியின் வாதத்தை நாம் தமிழிற் பேசுகிறோம் என்பதே பொருள்.

ஆகவே முற்போக்கு எழுத்தாளன் கேட்கவேண்டியவை சில உள. துணைவேந்தர் ரவீந்திரநாத் மறைந்த விசாரணை, எந்த ஆட்சி வந்தாலும் நிற்காது தொடரவேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் சாதாரண சட்டத்தின்கீழ், திறந்த மன்றில், தமக்கு எதிரான சான்று யாவற்றையும் அறிந்து வாதாடும் உரிமை பெறவேண்டும். அமைச்சர்கள் மேடையிலே தீர்ப்புக் கூறுவதை நிறுத்தவேண்டும். சாட்சிகளுக்குக் காப்பு வேண்டும். வழக்குத் தொடுப்பதும் கைவிடுவதும் ஆட்சியாளரின் விருப்பத்துக்கு அப்பாற்பட்ட சுதந்திரமான அலுவலகம் ஒன்றின் பொறுப்பாகவேண்டும். திருகோணமலையின் பழைய வழக்குகளும் இதே முறையில் மீண்டும் எடுக்கப்படவேண்டும்.

இவற்றைக் கேட்பவனை எல்லாக் கட்சியினரும் ஐயுறுவர். ஒரு சாரார் துரோகி என்பர், மறுசாரார் புலி என்பர். கேட்காமலிருப்பின், அடுத்த தேர்தலின் பின்னும் இதே கைதும் இதே விடுதலையும் இதே வாதங்களும் நடக்கும். காந்தி சிலையடியிலும் துறைமுக வாயிலிலும் படங்களை ஏந்தி நிற்கும் முதியோரின் தொகை மட்டும் ஆண்டுதோறும் குறைந்துகொண்டு போகும்.